பள்ளிச் சிறாரின் முதுகெலும்பும் அதன் பாதுகாப்பும்

பள்ளி செல்லும் பிள்ளைகளின் முதுகைப் பற்றி நம் நாட்டில் பேச்செழும்போதெல்லாம் அது புத்தகப் பையில் தொடங்கிப் புத்தகப் பையிலேயே முடிந்துவிடுகிறது. பையின் சுமை கண்ணுக்குத் தெரிவது. தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடியது. பத்திரிகையில் படமாக வெளியிடத் தக்கது. ஆகவே அதைப் பற்றிப் பேசுவது எளிது. ஆனால் பிள்ளையின் முதுகுக்கு உண்மையில் ஊறு நேர்வது எவ்விடங்களில் என்று ஆராயப் புகுவோமானால், பையைக் காட்டிலும் பெஞ்சும், பெஞ்சைக் காட்டிலும் காலத்தில் கண்டறியப்படாத நோயுமே நம் கருத்தை ஈர்க்க வேண்டியனவாக இருக்கின்றன. இவற்றை முதன்முதலாகக் காணக்கூடிய நிலையில் இருப்பவர்கள், நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் பிள்ளைகளைக் கண்முன் வைத்திருக்கும் ஆசிரியர்களும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரக் களப்பணியாளர்களுமே ஆவர். மருத்துவரிடம் பிள்ளை வந்துசேர்வது அவர்கள் அனுப்பிய பிறகே.

எலும்பு மருத்துவத்துக்கு மேனாட்டில் வழங்கும் ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்னும் பெயரைப் படைத்தவர் பாரிஸ் நகரப் பேராசிரியர் நிக்கோலா ஆந்திரி. ‘நேரானது’, ‘குழந்தை’ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1741-ஆம் ஆண்டில் தம் நூலுக்கு அவர் அப்பெயரைச் சூட்டினார். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் அறுவை மேசையும் மாவுக்கட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆந்திரியோ, பெற்றோர்க்கும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புடைய பிறர்க்கும் உரிய நூல் இது என்று தலைப்பிலேயே குறித்துவைத்தார்.

பையின் சுமை

ஆங்கிலத்தில் நாவல்கள் இயற்றிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபொழுது, 1989-ஆம் ஆண்டில் தாம் ஆற்றிய முதல் உரையைப் பிள்ளைகளின் பைச் சுமைக்கே ஒதுக்கினார். 1992-ஆம் ஆண்டில் மத்திய அரசு, பௌதிக விஞ்ஞானி பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. ‘சுமையற்ற கல்வி’ என்று பொருள்படும் தலைப்புடன் 1993-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பலரும் எதிர்பார்த்தவாறு பையின் எடையோடு நின்றுவிடவில்லை. முதுகில் ஏறும் சுமையைக் காட்டிலும், கற்பது விளங்காமையால் மனத்தில் ஏறும் சுமையே கொடிது என்று அது முடிவுகட்டிற்று. இக்கருத்து அந்நாளில் ஓர் அறிஞரின் அணிமொழியாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். மருத்துவ ஆராய்ச்சி பின்னர் அதற்கு எதிர்பாராத வகையில் துணைநின்றிருப்பதை இனிக் காண்போம்.

2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, ஒரு பிள்ளையின் பை அதன் உடல் எடையில் பத்திலொரு பங்கிற்கு மேற்படலாகாது என்று வகுத்துள்ளது. மழலை வகுப்புகளுக்குப் பையே கூடாது. முதலிரண்டு வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோகிராம் வரையும், 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு 1.7 முதல் 2.5 வரையும், ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 வரையும், எட்டாம் வகுப்புக்கு 2.5 முதல் 4 வரையும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 2.5 முதல் 4.5 வரையும், மேனிலை வகுப்புகளுக்கு 3.5 முதல் 5 கிலோகிராம் வரையும் அளவு குறிக்கப்பட்டுள்ளது. இப்பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து அதனோடு மனநிறைவு கொள்ளும் பள்ளிகள் உண்டு. ஆனால் வகுப்பு வேறு, உடல் எடை வேறு. 2016-18-இல் நடந்த தேசிய முழுமை ஊட்டச்சத்து ஆய்வின்படி, 5 முதல் 9 வயது வரையுள்ள நம் நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள். மூன்றாம் வகுப்பில் 18 கிலோகிராம் எடையுள்ள சிறுமி ஒருத்திக்கு, வகுப்புப் பட்டியல் 2.5 கிலோகிராம் வரை இடந்தந்தாலும், பத்திலொரு பங்கு விதியின்படி அவள் சுமக்கத்தக்கது 1.8 கிலோகிராமே. ஆகவே பையை நிறுக்கும் ஆசிரியர் பிள்ளையையும் நிறுக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கன்வாடியில் குழந்தைகளை எடைபோடும் தொங்கு தராசின் கொக்கியில் பையை மாட்டினால் அரை நிமிடத்தில் எடை தெரிந்துவிடும்.

இனி, கனத்த பை முதுகெலும்பை வளைத்துவிடுமா என்னும் வினாவுக்கு வருவோம். பெற்றோர் பலரும் அவ்வாறே அஞ்சுகின்றனர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோயைப் பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று ஏதுமில்லை. முதுகுவலியைப் பொறுத்தும் நிலைமை நாம் நினைப்பது போன்றதன்று. பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடைபெற்ற 69 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தது. பையின் எடையாலோ அமைப்பாலோ சுமக்கும் முறையாலோ பிள்ளைகட்கு முதுகுவலி உண்டாகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் அதற்குக் கிட்டவில்லை. ஆயினும், தன் பை கனக்கிறது என்று உணரும் பிள்ளைகளிடத்தில் வலி மிகுதியாகக் காணப்பட்டது. தராசு காட்டும் எடையைவிடப் பிள்ளை உணரும் எடைக்கே வலியோடு தொடர்பு நெருக்கம் என்னும் இம்முடிவு, யஷ்பால் குழுவின் கூற்றை நினைவூட்டுகின்றதன்றோ?

இதனால் பை எவ்வளவு கனத்தாலும் கேடில்லை என்று கொள்ளலாகாது. தன் எடையில் ஐந்திலொரு பங்கைச் சுமக்கும் சிறுவன் தலையையும் மார்பையும் முன்தள்ளி நடக்கிறான்; விரைவில் களைக்கிறான்; பேருந்தில் ஏறுகையிலும் படிக்கட்டில் இறங்குகையிலும் தடுமாறுகிறான். பத்திலொரு பங்கு என்பது அறிவுக்குகந்த எச்சரிக்கை விதி. அதனை நிறைவேற்றுவதும் கடினமன்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம் எடையுடையது. பள்ளியில் குடிக்கத்தக்க நீர் கிடைக்குமாயின் பையிலிருந்து முதலில் இறங்குவது அதுவே. பாடநூல்களைப் பருவத்துக்கொன்றாகப் பிரித்து அச்சிடுவது மற்றொரு வழி. தமிழ்நாட்டில் 2012-13-ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை புகுத்தப்பட்டபோது இது செய்யப்பட்டது. பைக்கு அகன்ற இரு பட்டைகள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமாக இழுத்துக் கட்டப்பட்டுப் பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். இதற்குமேல் பையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் வளர்ச்சியில் ஒன்றாக இணைந்துவிடும் 5, வாலெலும்பாகக் குன்றிப்போன ஏறக்குறைய 4 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட கோவை அது. அதன் உட்புழையில் தண்டுவடம் செல்கிறது. கால்களின் அசைவும் சிறுநீர் அடக்கமும் அவ்வடத்தையே சார்ந்தவை. பிறந்த குழந்தையின் முதுகு வில்லைப் போல் ஒரே வளைவாக இருக்கும். மூன்று நான்கு மாதங்களில் தலை நிற்கும்போது கழுத்துப் பகுதி முன்னோக்கி வளைகிறது. ஓராண்டளவில் எழுந்து நடக்கத் தொடங்கும்போது இடுப்புப் பகுதியும் அவ்வாறே வளைகிறது. இவ்வளைவுகள் குறைகளல்ல. நடையிலும் ஓட்டத்திலும் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் விற்சுருள் போன்றவை அவை. ‘கோலைப்போல் நிமிர்ந்து உட்கார்’ என்று கட்டளையிடும் ஆசிரியர், இயற்கை அமைக்காத ஒரு வடிவத்தைப் பிள்ளையிடம் கேட்கிறார்.

முள்ளெலும்புகளுக்கிடையே 23 இடைத்தட்டுகள் உள்ளன. நடுவில் நீர் செறிந்த கூழும் சுற்றிலும் நார் வளையமும் உடையவை இவை. பகலெல்லாம் பாரம் தாங்குகையில் இவற்றினின்று நீர் கசிந்து வெளியேறுகிறது. இரவில் படுத்துறங்குகையில் மீண்டும் ஊறி உட்புகுகிறது. காலையில் எழுந்தவுடன் அளந்த உயரத்தைக் காட்டிலும் மாலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பது இதனால்தான். விடுதியுள்ள பள்ளிகளில் மாணவர்களைக் கொண்டே செய்துகாட்டத் தக்க சோதனை இது. குழந்தைப் பருவத்திலேயே குருதிக் குழாய்கள் இடைத்தட்டுகளினின்றும் பின்வாங்கிவிடுகின்றன. அதன்பின் அவற்றுக்கு வேண்டிய சத்து அண்டை எலும்புகளிலிருந்து ஊறியே வரவேண்டும். அழுத்தமும் தளர்வும் மாறிமாறி நிகழும்போது அவ்வூற்று எளிதாகிறது. ஒரு பிள்ளை நாள் முழுதும் அசையாதிருத்தல் எதனால் தீது என்பது இதிலிருந்து விளங்கும்.

இருக்கையும் இருக்கும் நேரமும்

உட்காருவதைப் பற்றி விஞ்ஞானிகளின் கருத்து ஒரே நிலையில் நின்றதில்லை. 1960-களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், மனிதரின் இடைத்தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்கையில் உள்ளதைவிடச் சாய்மானமின்றி உட்காருகையில் அழுத்தம் மிகுகிறது என்று கண்டார். பாடநூல்களெல்லாம் இதை ஏற்றுக்கொண்டன. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள் நுண்ணிய கருவியொன்றைத் தன்னார்வலர் ஒருவரின் இடைத்தட்டில் பொருத்தி ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் அளந்தபோது, தளர்ந்து சாய்ந்து உட்காருகையில் அழுத்தம் நிற்கும்போதைவிடக் கூடவில்லை. ஒரேயொருவரைக் கொண்டு செய்த சோதனையாதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் அவ்வாராய்ச்சியாளர்கள் வற்புறுத்திய ஒன்றை மறுப்பார் இல்லை: உடலின் நிலையை அடிக்கடி மாற்றிக்கொள்வதே இடைத்தட்டுக்கு ஊட்டம் தருவது. சரியான நிலை ஒன்றுண்டு, அதில் பிள்ளையை அமர்த்திவிட்டால் போதும் என்னும் பழைய எண்ணத்தை நாம் கைவிட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

வகுப்பில் நெளிகின்ற பிள்ளையை அடங்காப்பிள்ளை என்று கருதுவது நம் வழக்கம். நெளிதல் பல வேளைகளில் முதுகின் தேவையேயாகும். ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் எல்லாரையும் எழுப்பி, கைகளை மேலே தூக்கி ஒருமுறை நீட்டச் செய்து அமர்த்துவதற்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. கரும்பலகைக்கு வந்து எழுதச் சொல்வதும், வாய்பாட்டை நின்று சொல்லச் செய்வதும், ஏடுகளைப் பங்கிடும் பணியைப் பிள்ளைகளிடமே விடுவதும் இவ்வகையில் பயனுள்ளவை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். தசையையும் எலும்பையும் உறுதிப்படுத்தும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் தலைமையாசிரியர்கள் இதனைக் கருதிப் பார்ப்பார்களாக.

இருக்கையின் அளவு அடுத்தது. தச்சர்கள் பெரியவர்க்கென அடிக்கும் பெஞ்சு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமுடையது. தொடக்கப்பள்ளியிலும் அதனையே போட்டுவிடுகிறோம். 110 சென்டிமீட்டர் உயரமுள்ள முதல் வகுப்புப் பிள்ளையின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 27 அல்லது 28 சென்டிமீட்டரிலேயே இருப்பதால், பாதங்கள் தொங்குகின்றன. தொடையின் அடிப்பாகம் பெஞ்சின் விளிம்பில் அழுந்துகிறது. பிள்ளை முன்னோக்கி வழுகி நுனியில் அமர்ந்து முதுகைக் கூனாக்கிக்கொள்கிறது. பிள்ளையின் உயரத்தில் நான்கிலொரு பங்கு இருக்கையின் உயரம் என்பது எளிதில் நினைவிற்கொள்ளத்தக்க அளவு. 130 சென்டிமீட்டர் உயரத்துக்கு 32 அல்லது 33, 150-க்கு 37 அல்லது 38 என அமையும். மேசை, பிள்ளை கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்தால் வரும் மட்டத்தில் இருக்க வேண்டும். மேசையின் விளிம்புக்கும் பெஞ்சின் விளிம்புக்கும் இடையே இடைவெளி இருந்தால் பிள்ளை அவ்விடைவெளியின் குறுக்கே குனிந்தாக வேண்டும். ஆகவே எழுதும் வேளையில் பெஞ்சின் முன்விளிம்பு மேசைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உட்சென்றிருப்பது நன்று.

புதிய இருக்கைகள் வாங்கப் பணம் இல்லையே என்பது நியாயமான விடையே. பாதங்கள் எட்டாத வரிசைகளில் செங்கற்களைப் படுக்கவைத்து மேலே ஒரு பலகையிட்டால் கால்மணை ஆகிவிடுகிறது. உயரமான பெஞ்சுகள் ஐந்தாம் வகுப்புக்கும் குட்டையானவை முதல் வகுப்புக்குமாக அறை மாற்றிக்கொள்வதற்கும் செலவில்லை. ஒரு பெஞ்சில் மூவர் அமர வேண்டிய இடத்தில் ஐவர் அமர்வதை மாற்றுவதுதான் கடினம். அது கட்டடத்தையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் பொறுத்தது.

தரையில் அமர்வதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. வட இந்தியச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் நீண்ட சணல் விரிப்பின்மேல் அமர்ந்தே படிக்கின்றனர். சம்மணமிட்டு அமரும் பிள்ளை விரும்பியபோது காலை நீட்டலாம், ஒருக்களிக்கலாம். பெஞ்சில் அவ்வுரிமை இல்லை. தீங்கு நேர்வது எழுதும்போதுதான். மடியிலோ தரையிலோ ஏட்டை வைத்து எழுதும் பிள்ளையின் முகம் ஏட்டுக்கு ஒரு சாண் தொலைவில் கவிழ்ந்துவிடுகிறது. பழைய கடைகளில் கணக்கெழுதுவோர் தரையில் அமர்ந்து, சரிந்த மேற்பலகையுடைய சிறு பெட்டிமேசையை முன்னே வைத்துக்கொள்வர். கண்ணுக்கும் கழுத்துக்கும் அதைவிட ஏற்ற அமைப்பைச் சொல்வது அரிது. மேனாட்டார் சரிந்த மேசையைப் பற்றி எழுதிய நூல்களைத் தமிழாக்கும்போதெல்லாம், இதை நம் கணக்குப்பிள்ளைகளிடமிருந்தே கற்றிருக்கலாமே என்று தோன்றாமற் போவதில்லை.

பிள்ளை கவிழ்ந்தே படிக்குமாயின் அதன் முதுகைப் பார்க்குமுன் கண்ணைப் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை உடைய பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி கிடைத்த வாரத்திலேயே முதுகு நிமிர்ந்துவிடுவதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவர்.

தண்டனை முறைகளைப் பற்றியும் ஒரு சொல். காதுகளைக் கால்களுக்கிடையே கைவிட்டுப் பிடிக்கச் செய்து குனிய நிறுத்துதல், பையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கச் செய்தல், முட்டிபோட வைத்தல் ஆகியவை இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை விலக்கியுள்ளது. ஒரு பிள்ளைக்கு முதுகெலும்பில் நோய் தொடங்கியிருப்பது ஆசிரியருக்குத் தெரியாத நிலையில் இத்தகைய தண்டனை என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

களப்பணியாளர் கவனிக்க வேண்டிய சுமை பள்ளி வாயிலுக்கு வெளியே இருக்கிறது. பத்து லிட்டர் கொள்ளும் குடம், குடத்தின் எடை நீங்கலாகவே 10 கிலோகிராம். அதனை 25 கிலோகிராம் எடையுள்ள சிறுமி காலையில் இருமுறை இடுப்பில் சுமந்துவிட்டு, 2 கிலோகிராம் பையுடன் பள்ளிக்கு வருகிறாள். பையை நிறுக்கிறோம், குடத்தை எவரும் நிறுப்பதில்லை. எப்போதும் ஒரே பக்கத்து இடுப்பில் சுமப்பதைவிடப் பக்கம் மாற்றிச் சுமப்பதும், குடத்தைச் சிறியதாக்கி நடையைக் கூட்டுவதும் மேல். வீட்டுக்குள் குழாய் வந்த ஊர்களில் இப்பேச்சுக்கே இடமில்லை. 2019-இல் தொடங்கிய குடிநீர் இயக்கத்தின் பயனை மதிப்பிடுவோர் இப்பயனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம்.

வளைந்த முதுகின் வகைகள்

தமிழில் வளைந்த முதுகு எதுவாயினும் கூன் என்றே சொல்லிவிடுகிறோம். இராமகதையின் காரணமாகக் ‘கூனி’ என்னும் சொல்லோ ஒரு சூழ்ச்சிக்காரியின் பெயராகவே நிலைத்துவிட்டது. அப்பெயரை ஒரு சிறுமிக்கு வகுப்புத் தோழர்கள் சூட்டும் நாளில் அவள் தன் முதுகை மறைக்கத் தொடங்குகிறாள், தாயிடத்தும் சொல்வதில்லை. நோய் ஓராண்டு பின்னரே வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின் ஆசிரியர் அப்பெயரை வகுப்பில் ஒலிக்கவிடாதிருப்பதே மருத்துவ உதவியாகும்.

முதல் வகை, பழக்கத்தால் வந்த கூன். நிமிரச் சொன்னால் நிமிர்ந்துவிடும். குப்புறப் படுத்தால் மறைந்துவிடும். வளரும் பருவத்துப் பெண்கள் நாணத்தால் தோளைக் குறுக்கிக்கொள்வதும் இவ்வகையே. விளையாட்டும் முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் போதும். இரண்டாம் வகை, நிமிரச் சொன்னாலும் நிமிராத வட்டக் கூன். முள்ளெலும்புகள் முன்பக்கத்தில் ஆப்பைப்போல் குறுகி வளர்வதால் வருவது. 1920-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஷாயர்மன் இதனை விளக்கினார். இதற்கு எக்ஸ்ரே படமும் மருத்துவரின் கருத்தும் தேவை.

மூன்றாவது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் பக்கவளைவு. முன்னாளில் இளம்பிள்ளைவாதம் இதற்கு ஒரு பெருங்காரணமாயிருந்தது. இந்தியாவில் அந்நோயின் கடைசிக் காட்டுவைரசு நோயாளி 2011 ஜனவரியில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது. இப்போது நாம் பெரும்பாலும் காண்பது, காரணம் விளங்காமல் 10 முதல் 16 வயதுக்குள் தோன்றும் வகை. அவ்வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் 10 பாகை அளவிலாவது இது காணப்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலோரிடம் அது பெருகுவதில்லை. பெருகுவது பெண்பிள்ளைகளிடத்திலேயே மிகுதி.

இதனைக் காணும் முறையை 1865-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் வகுத்தார். கருவி எதுவும் வேண்டா. பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் இணைத்துத் தொங்கவிட்டு மெல்ல முன்குனிய வேண்டும். பின்னாலிருந்து முதுகின் மட்டத்திற்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் இரு பக்க விலாவும் ஒரே உயரத்தில் தெரியும். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் ஐயத்துக்கிடம் உண்டு. நிற்கையில் ஒரு தோள் தாழ்ந்திருப்பதும், ஒரு தோள்பட்டை எலும்பு புடைத்திருப்பதும், சீருடையின் விளிம்பு ஒருபுறம் ஏறி நிற்பதும் முற்குறிகள். பெண்பிள்ளைகளை ஆசிரியையே, பெற்றோரின் இசைவுடன், தனியறையில் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பது பயனுள்ளதா என்பதில் மருத்துவ உலகம் ஒருமனப்படவில்லை. அமெரிக்க நிபுணர் குழுவொன்று 2018-இல் இதற்கு ஆதரவாகவோ எதிராகவோ கூறப் போதிய ஆதாரமில்லை என்றது. ஆகவே முகாம் நடத்துவதைவிட, ஐயந்தரும் பிள்ளையைக் கவனித்து அனுப்புவதே ஆசிரியர்க்கு உகந்தது.

காலத்தில் அனுப்புவதால் பயனுண்டு என்பது மட்டும் உறுதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் முடிவு வெளிவந்த ஆராய்ச்சியில், வளரும் பருவத்திலேயே உடற்கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேரிடம் வளைவு அறுவை மருத்துவம் தேவைப்படும் அளவுக்குப் பெருகவில்லை. அணியாதவர்களில் அவ்வாறு தப்பியவர் 48 பேரே. நாளில் அதிக மணி நேரம் அணிந்தோர் மேலும் நன்மையடைந்தனர். வளர்ச்சி முடிந்தபின் கவசத்தால் பயனில்லை.

முதுகெலும்புக் காசநோய்

இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் மறக்கக்கூடாத பகுதி இதுவே. காசநோய்க்கு எலும்புருக்கி என்றொரு பழம்பெயர் உண்டு. நோயாளி மெலிந்துருகுவது கருதி எழுந்த பெயராயினும், முதுகெலும்பைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை. எலும்பையும் மூட்டையும் பற்றும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பையே பற்றுகிறது. கிருமிகள் முள்ளெலும்பின் முன்பகுதியை அரிக்க, அது நொறுங்கி, பின்புறம் ஒரு முடிச்சுப் போல் கூர்ந்து புடைக்கிறது. சீழோ எலும்புச் சிதைவோ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன. 1779-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் இதனை விவரித்தார்; அவர் பெயரால் வழங்குவது இந்நோய்.

இந்நோய் பிள்ளைகளிடம் ஓசையின்றித் தொடங்குகிறது. இருமல் இருக்க வேண்டுமென்பதில்லை. விளையாட்டில் ஒதுங்கி நிற்கும், மாலையில் இளங்காய்ச்சல் காணலாம், எடை ஏறாது. உறக்கத்தில் தசைகள் தளரும்போது வலி தாக்கி, பிள்ளை வீறிட்டு விழித்து மீண்டும் உறங்கிவிடும்; வீட்டார் கெட்ட கனவு என்றெண்ணுவர். ஆசிரியர் கண்டுகொள்ளத்தக்க குறி ஒன்றுண்டு. தரையில் விழுந்த பென்சிலை எடுக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் முதுகை வளைத்துக் குனிவர். நோயுற்ற பிள்ளை முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, தொடைமேல் கையூன்றி, குந்தி உட்கார்ந்தே எடுக்கும். நடக்கையில் கால் பின்னுதலும் சிறுநீர் அடங்காமையும் தோன்றிவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பதால் இந்நோய் வராதென்று கருதுவதும் தவறு.

இந்நோயாளிகளை மாதக்கணக்கில் மாவுப்படுக்கையில் கிடத்திவைத்த காலம் உண்டு. அதை மாற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. நுரையீரல் காசநோய்க்கு மருத்துவமனைப் படுக்கை இன்றியமையாததன்று, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்த சென்னை ஆராய்ச்சி நிலையமே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் துணைநிற்க, முதுகெலும்புக் காசநோயாளிகளையும் நடமாடவிட்டே குறுகிய கால மருந்துகளால் குணப்படுத்திக் காட்டிற்று. பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கண்காணித்த முடிவுகள் 1999-இல் வெளியாயின. ஆனால் பிள்ளைகளிடத்தில் ஒரு தனி இடர் உண்டு. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். இராஜசேகரன் 15 ஆண்டுகள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு, நோய் ஆறிய பின்னரும் வளர்ச்சிக் காலத்தில் சிலருக்குக் கூன் குறைவதையும் சிலருக்குப் பெருகிக்கொண்டே போவதையும் காட்டியது. ஆகவே மருந்து முடிந்த பிள்ளையையும் வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு அதிகம் சிதையுமுன் கண்டுபிடித்தால் இவ்விடர் பெரிதும் குறைகிறது.

அனுப்ப வேண்டிய இடம்

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொருமுறை வருகின்றன. அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த 30 நிலைகளில் பிறவித் தண்டுவடக் குறையும், வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மையும் உண்டு. வளரும் பருவத்துப் பக்கவளைவு தனியே இடம்பெறவில்லை. ஆதலால் குழு வரும் நாளில் ஐயமுள்ள பிள்ளையை ஆசிரியரே சுட்டிக்காட்ட வேண்டும். அடுத்த வருகைக்கு மாதங்கள் இருக்குமாயின் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் அனுப்புவதே முறை. இரவில் விழிக்கச் செய்யும் முதுகுவலி, காய்ச்சலோடு கூடியது, மூன்று நான்கு வாரமாகியும் தணியாதது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தது ஆகிய எதையும் பைச் சுமையின்மேல் பழிபோட்டுத் தள்ளிவைக்கலாகாது. மேலே கூறிய ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயதினரில் நூற்றுக்கு 18 பேருக்கும் வளரிளம் பருவத்தினரில் 24 பேருக்கும் வைட்டமின் டி குறைவு காணப்பட்டதாதலின், வெயிலில் விளையாடும் நேரத்தையும், கால்சியம் மிகுந்த கேழ்வரகையும் பாலையும் பற்றிப் பெற்றோரிடம் பேசுவது பயனளிக்கும்.

காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம். பெயர் பதிவு செய்துகொண்டோர்க்கு உணவுச் செலவுக்காக, 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட தொகையும் உண்டு. மருந்து வழக்கமாக ஓராண்டளவு நீடிக்கும். வலி நின்ற மூன்றாம் மாதத்திலேயே பல குடும்பங்கள் அதை நிறுத்திவிட முயலும். களப்பணியாளர் அக்கட்டத்தில் வீட்டிற்குச் சென்றாக வேண்டும். நுரையீரலும் நோயுற்றாலன்றி முதுகெலும்புக் காசநோய் பக்கத்திலிருப்பவர்க்குத் தொற்றுவதில்லை. ஆகையால் மருத்துவர் அனுமதித்தவுடன் பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. கவசம் அணிந்து வரும் பிள்ளைக்குச் சுவரோரமாகச் சாய்மானமுள்ள இடம் கொடுத்து, நூல்களின் மறுபடி ஒன்றைப் பள்ளியிலேயே வைத்து, காலை வழிபாட்டில் நெடுநேரம் நிற்பதிலிருந்து விலக்களித்து, கவசத்தின் பட்டைகளைத் தளர்த்திக் கட்ட உதவும் தோழர் ஒருவரை அமர்த்திவிட்டால், பள்ளி செய்ய வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது.